‘மேடம் கியூரி’ (1943) படம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு நவம்பரிலும், மேரி கியூரி பிறந்த 7-ஆம் தேதியை ஒட்டி, எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு ‘மேடம் கியூரி’ படத்தைப் போட்டுக் காட்டுவேன். இயற்பியல் ஆசிரியையாக நான் செய்கிற வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அது. படம் முடிந்ததும் மாணவர்கள் கேட்பது, அன்று இரவு பெற்றோர் வாட்ஸ்அப்பில் கேட்பது, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கேட்பது எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகள்தான். அவரவர் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு இடத்தில் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் அந்தக் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. நீங்க சொல்றது எந்த மேரி கியூரி படம்? தேடினா நாலஞ்சு வருதே?

1943-இல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த ஆங்கிலப் படம். இயக்கியவர் மெர்வின் லெராய். மேரியாக கிரீர் கார்சன், பியராக வால்டர் பிட்ஜன். கறுப்பு வெள்ளை, 124 நிமிடம். இந்த இருவரும் அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘மிஸஸ் மினிவர்’ படத்தில் கணவன் மனைவியாக நடித்திருந்தார்கள். அதே ஜோடியை இதில் ஆய்வுக்கூடத்துக்குள் பார்க்கிறோம்.

2. எண்பது வருஷப் பழைய படம். இந்தக் காலத்துப் பசங்க உட்கார்ந்து பார்ப்பாங்களா, டீச்சர்?

பார்க்கிறார்கள். முதல் அரை மணி நேரம் கொஞ்சம் நெளிவார்கள். பேச்சு அதிகம், அசைவு குறைவு. கல்லை அளக்கிற காட்சி வந்ததும் அடங்கிவிடுவார்கள். கிண்ணத்தின் அடியில் வெறும் கறை மட்டும் மிஞ்சுகிற இடத்தில் வகுப்பே மூச்சுக் காட்டாமல் இருக்கும். அறிவியல் படம் என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிற பலவற்றில் அறிவியல் வேலையே இருக்காது. இதில் வடிகட்டுவது, காய்ச்சுவது, எடை போடுவது, கணக்குத் தப்புவது எல்லாமே கதை. அதனால்தான் இதை விடாமல் காட்டுகிறேன்.

3. கதையைச் சுருக்கமா சொல்லிடுங்க. முடிவு தெரிஞ்சாலும் பரவாயில்லை.

போலந்திலிருந்து பாரீசுக்குப் படிக்க வந்த ஏழைப் பெண் மேரி, பசியில் வகுப்பிலேயே மயங்கி விழுகிறாள். பேராசிரியர் பெரோ அவளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஆய்வு செய்ய இடமும் பிடித்துத் தருகிறார். அந்த இடம் பியர் கியூரியின் ஆய்வுக்கூடம். பெண் என்றாலே ஒதுங்கிப் போகிற பியர் மெல்ல மனம் மாறி, அவள் ஊர் திரும்பப் போகிற நேரத்தில் தட்டுத் தடுமாறி மணம் பேசுகிறார்.

அப்புறம் இயற்பியலாளர் பெக்கரல் கண்ட விசித்திரக் கதிர்கள், பிட்ச்பிளெண்ட் என்ற கறுப்பு யுரேனியத் தாது, ஒழுகுகிற கொட்டகை, ஆண்டுக் கணக்கில் உழைப்பு, ஒரு நள்ளிரவில் இருட்டில் ஒளிரும் ரேடியம். புதிய ஆய்வுக்கூடம் திறக்கப்போகிற வேளையில் பியர் வண்டியில் அடிபட்டு இறக்கிறார். நொறுங்கிப்போன மேரி மறுபடி எழுகிறார். ரேடியம் கண்டுபிடித்த 25-ஆம் ஆண்டு விழாவில் அவர் பேசுவதோடு படம் முடிகிறது.

4. இது உண்மைக் கதையா, சினிமாவுக்காகக் கட்டினதா?

எலும்பு உண்மை, சதையில் பாதி சினிமா. மேரியின் இளைய மகள் ஈவ் கியூரி, அம்மா இறந்த பிறகு 1937-இல் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் படத்துக்கு மூலம். ஈவ் விஞ்ஞானி இல்லை. பியானோ வாசிப்பவர், எழுத்தாளர். இரண்டாம் உலகப் போரின்போது செய்தியாளராக நாடு நாடாகச் சுற்றினார். 1942-இல் இந்தியாவுக்கு வந்து காந்தியையும் நேருவையும் சந்தித்திருக்கிறார்.

உண்மையான ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். மேரி பசியில் மயங்கியது நடந்ததுதான். ஆனால் வகுப்பில் இல்லை. தோழி ஒருத்தியின் கண் முன்னால். டாக்டரான அக்கா கணவர் வந்து பார்த்து விசாரித்தால், முந்தைய நாளிலிருந்து கொஞ்சம் முள்ளங்கியும் செர்ரிப் பழமும்தான் சாப்பிட்டிருக்கிறார். வீட்டுக்குக் கூட்டிப்போய் வயிறாரச் சாப்பிட வைத்தார்கள். இப்படித்தான் படம் முழுக்க: நடந்ததை எடுத்து, இடத்தையும் ஆளையும் மாற்றி, ஒரே காட்சியில் அடக்கியிருக்கிறார்கள்.

5. பேராசிரியர் பெரோ யாரு? எந்தப் புத்தகத்திலேயும் கிடைக்கலையே?

கிடைக்காது, அப்படி ஒருவர் இல்லை. இரண்டு உண்மை மனிதர்கள் செய்ததை அவர் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். மேரிக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர், பின்னாளில் அவருடைய முதல் கட்டுரையை அறிவியல் கழகத்தில் வாசித்தவர், கேப்ரியல் லிப்மன். பியரை அறிமுகம் செய்தவர் யூசெஃப் கோவால்ஸ்கி என்ற போலந்து இயற்பியலாளர். 1894 வசந்த காலத்தில். எஃகு வகைகளின் காந்தத் தன்மையை ஆராயும் வேலை மேரிக்குக் கிடைத்திருந்தது, கருவிகளை வைக்க இடம் இல்லை. பியரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றார் கோவால்ஸ்கி. ஆக, இருவரும் சந்தித்தது ஒரு மேசைக்கு இடம் தேடி. படத்திலும் இந்தச் சாரம் அப்படியே இருக்கிறது.

6. பியர் நிஜமாவே அவ்வளவு கூச்சப்படுவாரா? அந்தக் கல்யாணப் பேச்சு சீன் கொஞ்சம் ஓவரா இல்லை?

கூச்சமும் தனிமையும் உண்மை. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்து வளர்ந்தவர். மேரியைப் பார்க்கும்போது 35 வயது. அண்ணன் ஜாக்கோடு சேர்ந்து, குவார்ட்சுப் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் உண்டாகிறது என்று 1880-இலேயே கண்டுபிடித்தவர். அப்படியிருந்தும் ஒரு சின்னத் தொழில்நுட்பப் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பட்டம் பதவிக்கு அலைகிற ஆளே இல்லை.

படத்தில் ஒரே ராத்திரியில் முடிகிற மணப்பேச்சு உண்மையில் ஒரு வருஷம் இழுத்தது. 1894 கோடையில் மேரி போலந்து போய்விட்டார். பியர் கடிதம் மேல் கடிதம் எழுதினார். உன் தேசக் கனவு, நம் மனிதகுலக் கனவு, நம் அறிவியல் கனவு ஆகியவற்றோடு இருவரும் சேர்ந்து வாழ்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற பொருளில் ஒரு கடிதம் உண்டு. அதை வகுப்பில் வாசித்துக் காட்டினால் மாணவிகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். 1895 ஜூலை 26-இல் பாரீசுக்குப் பக்கத்தில் உள்ள சோ என்ற ஊரில் பதிவுத் திருமணம். வெள்ளை உடை வேண்டாம், பிறகு ஆய்வுக்கூடத்துக்கும் போட்டுக்கொண்டு போகிற மாதிரி கருநீல உடை போதும் என்றார் மணமகள். கல்யாணப் பரிசாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி, அதில் ஊர் சுற்றினார்கள்.

7. வார்சாவில் அவங்க பட்ட கஷ்டம் படத்துல ஏன் வரவே இல்லை?

படம் பாரீசில் தொடங்குவதால் அது விட்டுப்போகிறது. எனக்கு வருத்தம்தான். அது தெரியாமல் பார்த்தால் மேரியின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்றே புரியாது. அதனால் படம் போடுவதற்கு முன் பத்து நிமிடம் இதைச் சொல்லிவிடுவேன்.

1867-இல் பிறந்தபோது வார்சா ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. பள்ளியில் போலிஷ் மொழியில் பாடம் நடத்தக்கூடாது. அக்கா சோஃபியா டைபஸ் காய்ச்சலில் போனாள். மேரிக்குப் பத்து வயதில் அம்மா காசநோயில் போனார். அங்கே பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்கமாட்டார்கள். ‘பறக்கும் பல்கலைக்கழகம்’ என்று ஒன்று ரகசியமாக நடந்தது. போலீசுக்குத் தெரியாமல் வீடு மாற்றி வீடு மாற்றி வகுப்பு வைப்பார்கள். அதில் படித்தார்.

பிறகு அக்கா பிரோனியாவோடு ஓர் ஒப்பந்தம். நீ பாரீஸ் போய் மருத்துவம் படி, நான் வேலை செய்து பணம் அனுப்புகிறேன். நீ டாக்டரானதும் என்னைக் கூப்பிட்டுக்கொள். சொன்னபடி மேரி கிராமத்தில் ஒரு பணக்கார வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையில் மூன்று ஆண்டுகள் இருந்தார். கிடைத்த நேரத்தில் அந்த ஊர் விவசாயிகளின் குழந்தைகளுக்குப் போலிஷ் எழுத்துகளும் கற்றுக்கொடுத்தார். பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தே செய்தார். 1891-இல் பாரீசுக்கு ரயில் ஏறும்போது வயது 24 ஆகப் போகிறது. 1893-இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதலிடம்.

8. கல்லை அளந்துட்டு ‘கணக்கு இடிக்குது’ன்னு குழம்பறாங்களே, அந்த சீன் புரியவே இல்லை.

படத்தின் உயிரே அந்தக் காட்சிதான், நின்று புரிந்துகொள்ளலாம். யுரேனியம் தானாகவே ஏதோ கதிர்களை வீசுகிறது என்று 1896-இல் பெக்கரல் கண்டார். அந்தக் கதிர் படும் காற்று மின்சாரத்தைக் கடத்தும். எவ்வளவு கடத்துகிறது என்று அளந்தால் கதிரின் வலுவும் தெரிந்துவிடும். ஆனால் அது மிக மிகச் சிறிய மின்னோட்டம். இங்கேதான் பியரும் அண்ணனும் கண்ட குவார்ட்ஸ் சமாச்சாரம் (கேள்வி 6) கைகொடுத்தது. குவார்ட்சுப் பட்டையில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, அதில் உண்டாகும் மின்னூட்டத்தால் அந்த மின்னோட்டத்தைச் சரிக்குச் சரி ஈடுகட்டி, எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கையில் எடை, ஒரு கையில் நிறுத்து கடிகாரம், கண் எலக்ட்ரோமீட்டர் என்ற மின் அளவுக் கருவியின் ஒளிப்புள்ளியில். பெக்கரல் புகைப்படத் தகட்டின் கறுப்பை வைத்து ஊகித்ததை மேரி எண்ணாக மாற்றினார்.

அந்த எண்கள்தான் வெடித்தன. கையில் கிடைத்த தனிமங்களையும் தாதுக்களையும் எல்லாம் அளந்தார். தோரியமும் கதிர் வீசியது (நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள அதே தோரியம்). யுரேனியம் எவ்வளவு உள்ளதோ அவ்வளவுதான் கதிர் வர வேண்டும். பிட்ச்பிளெண்டிலோ சுத்த யுரேனியத்தைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வந்தது. சால்கோலைட் என்ற தாதுவில் இரண்டு மடங்கு. படத்தில் பாகங்களைத் தனித்தனியாக அளந்து கூட்டியும் மொத்தம் வரவில்லை என்று காட்டுவது இதைத்தான்.

படத்தில் வராத ஒரு படி உண்டு, எனக்கு அதுதான் மிக அழகு. மேரி சால்கோலைட்டைச் சுத்தமான வேதிப்பொருள்களிலிருந்து தானே செயற்கையாகத் தயாரித்து அளந்தார். அதில் கதிர் கூடுதலாக இல்லை. ஆக, கருவியில் தப்பில்லை. பூமியிலிருந்து வந்த கல்லில் மட்டும் யாரும் அறியாத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது.

9. அந்தக் கொட்டகை நிஜமாவே அவ்வளவு மோசமா, இல்ல செட்டு போட்டு மிகைப்படுத்தினதா?

மிகை இல்லை. பியர் வேலை பார்த்த பள்ளியின் முற்றத்தில், முன்பு மருத்துவ மாணவர்கள் பிணம் அறுக்கப் பயன்படுத்திக் கைவிட்ட இடம். கண்ணாடிக் கூரை ஒழுகும், தரை கிடையாது, கோடையில் வேகும், குளிரில் உறையும். பார்க்க வந்த வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட், தொழுவத்துக்கும் உருளைக்கிழங்குக் கிடங்குக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்றார். மேசையும் வேதியியல் கருவிகளும் மட்டும் இல்லாவிட்டால் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பாராம்.

பிட்ச்பிளெண்ட் விலை அதிகம். அதனால் யுரேனியத்தை எடுத்தபின் யோவாகிம்ஸ்தால் சுரங்கத்தில் கொட்டிக் கிடந்த கழிவைக் கேட்டு வாங்கினார்கள். அது அப்போது ஆஸ்திரியாவில், இப்போது செக் நாட்டில். பைன் மரச் சருகு கலந்த பழுப்பு மண், மூட்டை மூட்டையாக வந்தது. ஒரு தடவைக்கு 20 கிலோ வரை கொதிக்க வைத்து, தன் உயரம் இருக்கும் இரும்புத் தடியால் நாள் முழுக்கக் கிளறியது மேரி. புகை போக வழியில்லாததால் வெட்டவெளியில் நின்று செய்தார். அந்தப் புதிய பொருள் நூற்றில் ஒரு பங்காவது இருக்கும் என்று முதலில் நம்பினார்கள். இருந்ததோ பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1898-இல் தொடங்கி 1902-இல் கைக்கு வந்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு.

10. கடைசியில வெறும் கறை, அழுகை, அப்புறம் ராத்திரி ஓடிப் போய்ப் பார்த்தா ஒளி. அப்படியேவா நடந்தது?

ஒளி நடந்தது, கறை நடக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் எலக்ட்ரோமீட்டரில் அளந்துகொண்டே போனவர்கள் அவர்கள் (கேள்வி 8). கதிர் எந்தப் பகுதியில் சேர்கிறது என்று அன்றன்றைக்குத் தெரியும். அதனால் நான்கு ஆண்டு கழித்துக் கிண்ணத்தைத் திறந்து ஏமாந்து நிற்கிற திருப்பத்துக்கு இடமே இல்லை. அது திரைக்கதைக்காரர்கள் கட்டியது. மாணவர்கள் அதிகம் ரசிக்கிற காட்சி என்றாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் கொட்டகைக்குத் திரும்பிப் போய், விளக்கு ஏற்றாமல் நின்று, மேசையிலும் அலமாரியிலும் கண்ணாடிக் குழாய்கள் மங்கலாக ஒளிர்வதைப் பார்த்ததை மேரியே எழுதியிருக்கிறார். கொட்டகையில் கழிந்த அந்த ஆண்டுகளைத்தான் தங்கள் வாழ்வின் மிகச் சிறந்த, மகிழ்ச்சியான காலம் என்றும் சொல்கிறார். படத்தில் கார்சனின் முகத்தில் அந்த மகிழ்ச்சி வந்திருக்கிறது.

11. ரேடியம் பச்சையாத்தானே ஒளிரும்?

இல்லை, மெல்லிய நீலம். பச்சை என்று நாம் நினைப்பது பழைய கடிகார முள்களில் பூசிய சாயத்தால். அதில் ரேடியத்தோடு துத்தநாக சல்ஃபைடு கலந்திருக்கும். அதுதான் பச்சை காட்டும்.

12. வெறும் கையால தொடறாங்களே! ஆபத்துன்னு தெரியாதா அவங்களுக்கு?

தோல் பொசுங்கும் என்று தெரியும். படத்திலும் மேரியின் விரல்கள் புண்ணாகின்றன. பியர் வேண்டுமென்றே தன் கையில் ரேடியத்தைக் கட்டி வைத்து, புண் எப்படி வந்து எப்படி ஆறுகிறது என்று குறிப்பெடுத்தார். கெட்ட திசுவை இது அழிக்குமே என்ற எண்ணம் அங்கிருந்துதான் புற்றுநோய் சிகிச்சைக்குப் போனது. உடம்புக்குள்ளே, எலும்பு மஜ்ஜையில், ஆண்டுக் கணக்கில் என்ன செய்யும் என்பதுதான் அன்றைக்குத் தெரியாமல் போயிற்று.

1934 ஜூலை 4-இல், 66 வயதில், ரத்தம் ஊறாமல் போகிற நோயில் மேரி இறந்தார். ரேடியத்தோடு, போர்க்காலத்தில் பாதுகாப்பில்லாமல் எடுத்த எக்ஸ்ரேக்களுக்கும் (கேள்வி 15) அதில் பெரிய பங்கு இருக்க வேண்டும். அவருடைய குறிப்பேடுகள் இன்றும் பாரீசில் ஈயம் பூசிய பெட்டிகளில் இருக்கின்றன. ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டு ஆகும். இதைச் சொன்னதும் பின்வரிசையில் இருக்கிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

13. பியர் மனைவிக்குக் கம்மல் வாங்கப் போய்த்தான் செத்தாரா? அழுதுட்டேன் டீச்சர்.

கம்மல் கற்பனை. 1906 ஏப்ரல் 19, மழை. பேராசிரியர்கள் கூட்டம் ஒன்று முடிந்து, அச்சுப் பிழை திருத்தப் பதிப்பகத்துக்குப் போனார்; வேலைநிறுத்தத்தால் மூடியிருந்தது. அங்கிருந்து கிளம்பி தோஃபின் தெருவைக் கடக்கும்போது வழுக்கி, பாரம் ஏற்றிய குதிரை வண்டியின் பின்சக்கரத்தில் விழுந்தார். 46 வயது. மேரிக்கு 38, மூத்தவள் ஐரீனுக்கு எட்டு, ஈவுக்கு 16 மாதம்.

படத்தில் இது ரேடியம் கிடைத்த கையோடு நடந்துவிட்ட மாதிரி இருக்கும். உண்மையில் நடுவில் முனைவர் பட்டம், நோபல் பரிசு, ஈவின் பிறப்பு, பியருக்கு பாரீஸ் பல்கலைக்கழகமான சோர்போனில் பேராசிரியர் பதவி எல்லாம் இருக்கின்றன. திறப்பு விழா காணக் காத்திருந்த புது ஆய்வுக்கூடமும் படத்தில்தான் உண்டு. பியர் ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தைக் கேட்டுக் கேட்டு, அது கிடைக்காமலே போனவர். எனக்குக் கம்மலைவிட இதுதான் அழுகை வரவைக்கிறது.

14. நோபல் கமிட்டி முதல்ல அவங்க பேரையே விட்டுட்டாங்கன்னு சொல்றது நிஜமா?

நிஜம். 1903 இயற்பியல் பரிசுக்கு பெக்கரலையும் பியரையும் மட்டும் பரிந்துரைத்து பிரெஞ்சு அறிவியல் கழகத்திலிருந்து கடிதம் போனது. ஸ்வீடன் கணிதவியலாளர் மிட்டாக்-லெஃப்ளர் இதைப் பியருக்குத் தெரியப்படுத்தினார். மேரியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று பியர் பதில் எழுதினார். அதன் பிறகே மூன்று பேர் ஆனது.

15. பியர் இறந்ததும் படம் சட்டுனு முடிஞ்ச மாதிரி இருக்கே. அதுக்கப்புறம் அவங்க ஒண்ணும் பண்ணலையா?

இந்தப் படத்தின் மேல் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். பியருக்குப் பிறகு மேரி 28 ஆண்டு வாழ்ந்தார். படத்துக்கு அது ஒரு துக்கக் காட்சியும் ஒரு மேடைப் பேச்சும் மட்டும். அந்த மேடை உண்மை, 1923 டிசம்பர் 26-இல் சோர்போனில் விழா எடுத்தார்கள். ஆனால் நடுவில் நடந்ததைக் கேளுங்கள்.

1906 நவம்பர் 5-இல் சோர்போனில் பாடம் நடத்திய முதல் பெண்ணாக மேரி வகுப்புக்குள் வந்தார். கூட்டம் நிரம்பி வழிந்தது; கணவரைப் பற்றி உருக்கமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவர், பியர் எந்த இடத்தில் பாடத்தை நிறுத்தியிருந்தாரோ அங்கிருந்து தொடங்கி, நடத்தி முடித்துவிட்டு வெளியே போய்விட்டார். இதை எப்படிப் படத்தில் வைக்காமல் விட்டார்கள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே ஆண்டு, படத்தில் பெருந்தன்மையான பெரியவராக வரும் லார்ட் கெல்வின், ரேடியம் தனிமமே இல்லை, ஈயமும் ஹீலியமும் சேர்ந்த சேர்மமாக இருக்கலாம் என்று எழுதினார். மேரி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஆந்த்ரே தெபியேர்னோடு சேர்ந்து 1910-இல் ரேடியத்தை உலோகமாகவே பிரித்துக் காட்டினார். கெல்வின் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

1911 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழக உறுப்பினர் தேர்தலில் மேரியை ஓரிரு வாக்கில் தோற்கடித்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் வேதியியலுக்கு இரண்டாவது நோபல். 1914-இல் போர் வந்ததும் வண்டிகளில் எக்ஸ்ரே கருவி ஏற்றிப் போர்முனைக்கு ஓட்டிப்போனார். 20 வண்டிகள், 200 நிலையான எக்ஸ்ரே அறைகள். சிப்பாய்கள் அந்த வண்டிகளை ‘குட்டிக் கியூரி’ என்றார்கள். கூட நின்று வேலை செய்த மகள் ஐரீனுக்கு 17 வயது, நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வயது. அந்த ஐரீனும் கணவர் ஃபிரெடெரிக்கும் செயற்கைக் கதிரியக்கத்துக்காக 1935-இல் நோபல் வாங்கினார்கள். அதைக் காண ஓர் ஆண்டு முன்னால் மேரி போய்விட்டார். கண்டுபிடிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

16. ஆஸ்கர் வாங்கிச்சா?

ஏழு பரிந்துரை, பரிசு ஒன்றும் இல்லை. சிறந்த படம், நடிகை, நடிகர் மூன்றிலும் பெயர் இருந்தது. அந்த ஆண்டு சிறந்த படம் ‘காசாபிளாங்கா’. முதலில் மேரியாக கிரேட்டா கார்போ நடிப்பதாக இருந்தது, அந்தத் திட்டம் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் கார்சனின் அமைதி கிடைத்திருக்குமா என்று சந்தேகம்தான்.

17. லாஞ்செவன்னு ஒருத்தர் பத்திப் பசங்க இன்டர்நெட்ல பார்த்துட்டு வந்து கேட்கிறாங்க. என்னன்னு சொல்றது?

உள்ளதைச் சொல்லுங்கள், பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் புரியும். பால் லாஞ்செவன் பியரின் பழைய மாணவர், பெரிய இயற்பியலாளர். மனைவியோடு மனக்கசப்பில் இருந்தவர். பியர் இறந்து நான்கு ஆண்டுகள் போல ஆனபின் மேரிக்கும் அவருக்கும் நெருக்கம் ஏற்பட்டது. 1911-இல் கடிதங்கள் பத்திரிகைகள் கைக்குப் போய், குடும்பத்தைக் கெடுக்க வந்த வேற்று நாட்டுக்காரி என்று மேரியை மட்டும் குதறினார்கள். வீட்டு வாசலில் கூட்டம் கூடிக் கத்தியது. பிள்ளைகளோடு நண்பர் வீட்டில் போய்த் தங்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது நோபல் அறிவிப்பும் அதே நேரத்தில்தான் வந்தது. பரிசு வாங்க வராமல் இருந்தால் நல்லது என்று ஸ்வீடனிலிருந்து வேதியியலாளர் ஆர்ரீனியஸ் எழுதினார். பரிசு என் வேலைக்குக் கொடுத்தது, அதற்கும் என் சொந்த வாழ்க்கைக்கும் சம்பந்தமில்லை என்று பதில் போட்டுவிட்டு, மேரி ஸ்டாக்ஹோம் போனார். மகள் ஈவின் நூலும் இதைப் பெயர் சொல்லாமல் தாண்டிப் போகிறது, படத்தில் இல்லாததில் ஆச்சரியமில்லை. இதை அவர் பெயருக்கு வந்த களங்கம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அந்தப் பதில் கடிதத்துக்காகவே மாணவிகளிடம் இதை மறைக்கவும் மாட்டேன்.

18. படத்தைப் பார்த்தா பியர்தான் வழி காட்டுற மாதிரி இருக்கு. நிஜமா இது யாரோட கண்டுபிடிப்பு?

நல்ல கண் உள்ளவர்கள் கேட்கிற கேள்வி. கார்சன் கேட்க, பிட்ஜன் விளக்குவதாகப் பல காட்சிகள் அமைந்துவிட்டன. ஆய்வுக் குறிப்பேடுகள் சொல்வது வேறு. பெக்கரல் கதிர்களை ஆராயலாம் என்று 1897 இறுதியில் தேர்ந்தெடுத்தது மேரி. ஐரீன் அப்போது கைக்குழந்தை. கதிர் வீசுவது அணுவின் இயல்பு, பிட்ச்பிளெண்டில் புதிய தனிமம் இருக்க வேண்டும் என்ற இரண்டும் உள்ள 1898 ஏப்ரல் கட்டுரை மேரி பெயரில் மட்டும் வந்தது. அதைப் பார்த்துத்தான் பியர் தன் படிக ஆய்வை ஓரம் கட்டிவிட்டு மேரியோடு சேர்ந்தார். ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் இருவரும் சேர்ந்து. ரேடியம் கட்டுரையில் குஸ்தாவ் பெமோன் பெயரும் உண்டு. பிறகு பியர் கதிர்களின் இயற்பியலைப் பார்க்க, கழிவு மண்ணைக் காய்ச்சிய வேதியியல் பெரும்பாலும் மேரியுடையது.

பின்னால் இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. 1911 நோபல் உரையில், இது நான் தனியாகச் செய்தது, இது பியரோடு சேர்ந்து செய்தது என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். கணவர் மேல் உயிரையே வைத்திருந்தவர், தன் வேலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. படத்தில் காதல் முழுசாக வந்திருக்கிறது. இந்தக் கறார் வரவில்லை.

19. 2019-ல வந்த ‘ரேடியோஆக்டிவ்’ இதைவிட நல்லா இருக்குமா?

மார்ஜான் சத்ராபி இயக்கி ரோசமண்ட் பைக் நடித்த படம். லாஞ்செவன் விவகாரம், போர் வண்டிகள், ஐரீன் எல்லாம் அதில் உண்டு, அந்த வகையில் கேள்வி 15-க்கு ஓரளவு ஈடு. ஆனால் ஹிரோஷிமாவுக்கும் செர்னோபிலுக்கும் தாவித் தாவிப் போவதில் கொட்டகை வேலை தேய்ந்துவிடுகிறது. நான் 1943 படத்தை முழுசாகவும், இதிலிருந்து போர்க்காலப் பகுதியை மட்டும் மறுநாளும் காட்டுகிறேன்.

20. ரேடியத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தா கோடீஸ்வரி ஆகியிருக்கலாமே. வாங்காதது தப்புதானே, டீச்சர்?

ஒவ்வொரு ஆண்டும் ஒரு மாணவனாவது இதைக் கேட்பான், நியாயமான கேள்விதான். பிரித்தெடுக்கும் முறையை விளக்கமாகக் கேட்டு அமெரிக்காவிலிருந்து பொறியாளர்கள் எழுதினார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதா, உரிமை வாங்குவதா என்று பியர் கேட்டார். மேரி யோசித்துவிட்டு, அது அறிவியல் மனப்பான்மைக்கு விரோதம் என்றார். பேச்சு அவ்வளவுதான். அப்போது அவர்களுக்கு நல்ல ஆய்வுக்கூடம் இல்லை, வீட்டிலும் பணம் இல்லை.

விளைவும் இருந்தது. ரேடியத்தின் விலை ஏறிக்கொண்டே போய், 1920-இல் ஒரு கிராம் ஒரு லட்சம் டாலர். அதைக் கண்டுபிடித்தவரின் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது ஒரு கிராமுக்குச் சற்று அதிகம், அதுவும் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பேட்டி எடுக்க வந்த மெலோனி என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியை, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு கிராம் ரேடியம் வேண்டும், வாங்க வசதியில்லை என்றார் மேரி. மெலோனி ஊர் திரும்பி, அமெரிக்கப் பெண்களிடம் நிதி திரட்டினார். 1921 மே 20-இல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஹார்டிங் அதை மேரிக்குக் கொடுத்தார்.

அதற்கு முந்தைய இரவு தானப் பத்திரத்தை மேரியிடம் காட்டினார்கள். படித்தவர், இதை மாற்ற வேண்டும் என்றார். இப்படியே விட்டால் நான் இறந்தபின் இந்த ரேடியம் என் மகள்களின் சொந்தச் சொத்தாகிவிடும். இது ஆய்வுக்கூடத்துக்குச் சேர வேண்டும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வேண்டாம், இன்றைக்கே, இன்று ராத்திரி நான் செத்தாலும் சாகலாம் என்றார். அந்த நேரத்தில் தேடிப் பிடித்து ஒரு வக்கீலை அழைத்துவந்து, பத்திரத்தைத் திருத்தி எழுதி, மேரி கையெழுத்துப் போட்டார்.